மணல்வாளி அண்ணாச்சி சமைத்த பன்றிக்கறி டாக்கோ

அன்று அந்த முற்றத்தில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். மணல்வாளி அண்ணாச்சி, அவர் மனைவி பாக்கியம் மதினி, மகள் கயல், அப்புறம் நான். கயலின் வயிற்றில் இருந்த ஐந்து மாதத்தையும் சேர்த்தால் நாலரை. பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறைக்குள் நாலு ஆளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்த அரையை என்ன செய்வது என்று அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். வெளியே அனுப்ப வழியில்லாததால் பேசாமல் விட்டுவிட்டார்.

சிவகாசி வட்டாரத்திலேயே நெருப்புக்கு அதிகம் பயந்த மனிதர் அவர்தான். நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர். நான் அவருக்குக் கீழே பதினோரு வருஷம் தரைச்சக்கரம் சுற்றினேன். அவருடைய மொபெட்டில் பெட்ரோல் இருக்கிறதோ இல்லையோ, ஹாண்டிலில் ஒரு டப்பா மணல் தொங்கும். மகள் கல்யாணத்தில் ஹோம குண்டத்துக்கு இரண்டு பக்கமும் சிவப்பு வாளியில் மணல் வைத்தார். "இது எந்த சாஸ்திரத்துல வருது?" என்று புரோகிதர் கேட்டதற்கு, "இது எங்க கம்பெனி சாஸ்திரம் சாமி, நீங்க மந்திரத்தைச் சொல்லுங்க" என்றார். வாளிக்குப் பின்னால் காவலுக்கு நிறுத்தப்பட்ட ஆள் நான்தான். கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் என் பயந்த முகம் இருக்கிறது.

எனக்கும் பயம் அதிகம்தான். பூட்டிய வீட்டைப் பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஜாதி. ஒருநாள் கம்பெனியில் அபாய மணி அடித்து எல்லோரும் வெளியே ஓடியபோது, தூக்குச்சட்டியை விட்டுவிட்டோமே என்று உள்ளே திரும்பிப் போய்விட்டேன். பக்கத்துக் காட்டில் யாரோ சருகை எரித்திருந்தார்கள், அவ்வளவுதான். அண்ணாச்சி மூன்று நாள் என்னை வேலைக்குச் சேர்க்கவில்லை.

"வெளிய வந்தா வந்ததுதான்லே! தூக்குச்சட்டி கடையில கிடைக்கும். நீ கிடைப்பியா?"

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு மாசமாக இருக்கும் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். வந்த நாளிலிருந்து எதுவும் உள்ளே தங்கவில்லை. சோறு கொதிக்கிற வாசனைக்கே ஓடினாள். சீரணி மிட்டாய், கருவாடு, பருத்திப்பால் என்று மதினி கொண்டுவந்து நீட்டியது எல்லாம் அப்படியே திரும்பிப் போயிற்று. திங்கட்கிழமைக்குள் ஏதாவது சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்று சனிக்கிழமை.

"எதுதாம்மா உனக்குப் பிடிக்கும்? வாயத் திறந்து சொல்லு" என்று அண்ணாச்சி கெஞ்சினார்.

கயல் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "ஆபீஸ் பக்கத்துல டாக்கோ விப்பாங்கப்பா. சோள ரொட்டிய மடிச்சு உள்ள பன்னிக்கறி வச்சு, மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு..."

"என் அடுப்புல அந்தக் கறி ஏறாது" என்றார் மதினி. "ரொட்டி வேணா சுட்டுத் தாரேன். கறி ஒங்க பாடு."

அப்போதுதான் சூட்டுக் காற்றிலேயே பொரிக்கிற ஏர் ஃப்ரையர் மெஷின் அண்ணாச்சிக்கு ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை பொங்கலுக்கு வாங்கித் தந்தது, ஒரு வருஷமாகப் பெட்டியோடு பரணில் கிடந்தது. அண்ணாச்சி அதைப் பிளக்கில் சொருக விட்டதே இல்லை. "தீ கண்ணுக்குத் தெரிஞ்சா ஓடலாம். இது உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. எதைப் பாத்துலே ஓட?" என்பது அவர் கட்சி. அன்று அவரே ஏணி போட்டு இறக்கினார்.

கறி வாங்கச் சாத்தூர் ரோட்டுப் பன்றிப் பண்ணைக்கு என்னை அனுப்பினார். வாழையிலையில் சுற்றி, அதன்மேல் இரண்டு பை போட்டு, தெருவில் யாராவது கேட்பார்களோ என்று வியர்த்துக்கொண்டே வந்து சேர்ந்தேன். யாரும் கேட்கவில்லை.

முற்றம் அதற்குள் கம்பெனியாகிவிட்டது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. மெஷினுக்கு இடப்பக்கம் தண்ணீர் வாளி, வலப்பக்கம் மணல் வாளி. நிலைப்படியில் செம்புத் தகடு ஒன்றை ஆணியடித்திருந்தார். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காக, கம்பெனியில் உள்ளே நுழைகிறவர்கள் தொட்டுவிட்டு வருகிற தகடு.

"செருப்பக் கழட்டு. தகட்டைத் தொடு. போனை வெளிய வையி."

செருப்பைக் கழற்றினேன், தகட்டைத் தொட்டேன், போனைக் காம்பவுண்டு சுவர்மேல் இருந்த கூடையில் வைத்தேன். கயல் போனும் அதில்தான் கிடந்தது. டாக்கோ செய்முறை வீடியோ அதற்குள் இருந்தது.

"அண்ணாச்சி, வீடியோவப் பாத்துத்தான செய்யணும்?"

"நீ வெளிய போயிப் பாரு. மனசுல ஏத்திக்கிட்டு வந்து சொல்லு."

எட்டாம் வகுப்பில் மனப்பாடச் செய்யுளுக்குப் பயந்துதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன். சீரகம், பூண்டு, மிளகு, அன்னாசிப்பழம் என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டே வருவேன். தகட்டைத் தொடுவதற்குள் அன்னாசி மறந்துவிடும். திரும்ப ஓடுவேன். ஒன்பது தடவை போய் வந்தேன். ஐந்தாவது தடவை கட்டிலில் படுத்திருந்த கயல் சிரித்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் சிரிக்கிறாள் என்று மதினி என் காதில் சொன்னார். அதற்கப்புறம் மறக்காததையும் மறந்ததாகச் சொல்லி இரண்டு தடவை ஓடினேன்.

கடைசியாகப் பார்த்துவிட்டு வந்து, "இருநூறு டிகிரி அண்ணாச்சி, பதினெட்டு நிமிஷம். அடித்தட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்தணுமாம். இல்லன்னா கொழுப்பு சொட்டிப் புகையுமாம்" என்றேன்.

"கரண்டு மெஷின்ல தண்ணியா? ஏலே, உன்னைய எட்டாவது வரைக்கும் விட்டதே தப்பு. மூணாவதோட நிறுத்திருக்கணும்."

தண்ணீர் ஊற்றாமலே மசாலா பிரட்டிய கறியை உள்ளே வைத்து மெஷினைப் போட்டார். பத்து நிமிஷத்தில் மெஷினின் முதுகிலிருந்து நூல் மாதிரி புகை வந்தது. பன்னிரண்டாவது நிமிஷம் அது கயிறாயிற்று. அப்புறம் முற்றமே தெரியவில்லை.

"வெளிய!" என்றார் அண்ணாச்சி.

கம்பெனிக் குரல் அது. முதலில் ஓடியவன் நான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மதினி கயலைத் தாங்கிக்கொண்டு வந்தார். கடைசியாக அண்ணாச்சி மணல் வாளியோடு வந்து வாசலில் நின்று ஆளை எண்ணினார். நாலும் சரியாக இருந்தது. வாளியைத் தூக்கினார். வாசலில் இருந்தே வீசினால் மெஷின்மேல் விழும். முப்பது வருஷம் அவர் காத்திருந்த நிமிஷம்.

"யப்பா, கறி..." என்றாள் கயல்.

தூக்கிய வாளி அந்தரத்தில் நின்றது. அவர் மகளைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். எதற்காகவும் திரும்பிப் போகக் கூடாது என்று ஆயிரம் பேருக்குச் சொன்ன மனிதர், தோளில் கிடந்த துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஏங்க! ஏங்க!" என்று மதினி கத்தினார்.

பிளக்கைப் பிடுங்கிய சத்தம் கேட்டது. இருமல் கேட்டது. அப்புறம் கறித் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அண்ணாச்சி வந்தார், மீசையெல்லாம் சாம்பல் நிறம். கறி ஓரத்தில் முறுகி, நடுவில் பக்குவமாக வெந்திருந்தது.

புகை அடங்கியதும் மற்றதையெல்லாம் வெளியே எடுத்து வந்து, தெருவாசலிலேயே உட்கார்ந்து மதினி சுட்ட மக்காச்சோள ரொட்டியை மடித்தோம். கயல் ஒன்று சாப்பிட்டாள். நாங்கள் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தோம். கறி உள்ளே தங்கியது. இரண்டாவது சாப்பிட்டாள். மூன்றாவதுக்கு, "வெங்காயம் கூட வையிங்கப்பா" என்று கேட்டாள். அந்தக் கறி தன் அடுப்பில் ஏறாது என்ற மதினி, கரண்டியைத் தேடப் பொறுமையில்லாமல் கையாலேயே அள்ளி வைத்தார்.

அண்ணாச்சி தட்டில் சுட்டுக்கொண்ட பெருவிரலைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "ஏலே, நான் உள்ள போனத கம்பெனியில எவன்கிட்டயும் சொல்லிராத."

சொல்லவில்லை அண்ணாச்சி, எழுதத்தான் செய்திருக்கிறேன். நீங்கள் அந்தப் புகைக்குள் இருந்த கொஞ்ச நேரம் நான் மூச்சு விட்டேனா என்று இன்னும் எனக்கு ஞாபகமில்லை.