நீல வண்டி தோற்றதே இல்லை

முன்பக்கம் நுழையவில்லை. பின்பக்கமும் நுழையவில்லை. சாம்பியன் மேசைக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் கணினியின் முதுகைத் தடவித் தடவி, தன் பழைய கேம் கண்ட்ரோலரின் முனை புகுவதற்கு ஒரு பொந்து கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அது கேம் பெட்டியோட கண்ட்ரோலர். கம்ப்யூட்டர்ல சொருகுற முனையே வேற," என்றாள் மனைவி. "நீங்க தலைகீழா நின்னாலும் போகாது."

"கொஞ்சம் அமுக்கினா போயிடும்."

"அமுக்குறவர் பக்கத்துல எதுக்கு எண்ணெய்க் கிண்ணம்?"

சாம்பியன் கிண்ணத்தை மெல்ல இருட்டுக்குள் தள்ளினான்.

சாம்பியன் என்பது அவனுக்கு அவனே சூட்டிக்கொண்ட பெயர். ஆதாரமில்லாமல் இல்லை. சின்ன வயதில் வீட்டில், டி.வி.யில் சொருகி விளையாடுகிற ஒரு கேம் பெட்டி இருந்தது. அதில் கார் பந்தயம். நீல வண்டி அவனுடையது, சிவப்பு வண்டி அக்காவுடையது. நீல வண்டி ஒரு நாளும் தோற்றதில்லை. அக்கா பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கப் பொத்தான்களைப் போட்டு அமுக்குவாள். சிவப்பு வண்டி பின்னால்தான் வரும். இவனோ ஒரு கையால் பிஸ்கட் தின்றுகொண்டு, ஜன்னலில் போகிற காக்காயைப் பார்த்துக்கொண்டே ஜெயிப்பான்.

"பிறவித் திறமை" என்பார் அப்பா. "ஆம்பளப் புள்ளன்னா சும்மாவா" என்பாள் அம்மா. இந்த இரண்டையும் மூன்று வேளையும் தின்று வளர்ந்த பிள்ளை, இப்போது ஒரு பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவில் சீனியர்.

சீனியர் வேலை லேசானதில்லை. தொலைந்துபோன பார்சல் எந்தக் கிடங்கில், எந்த மூட்டைக்கு அடியில் கிடக்கிறது என்று ஜூனியர் ஊரெல்லாம் போன் போட்டுக் கண்டுபிடிப்பாள். அதன்பிறகு இவன் உட்கார்ந்து, "என் தீவிர முயற்சியால்" என்று தொடங்கி வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் அடிக்க வேண்டும். ஜூனியர் வேலைக்குச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. இருந்தாலும் பெயர் ஜூனியர்தான். பெண்ணாய்ப் பிறந்தால் சில பட்டங்கள் லேசில் உதிர்வதில்லை.

புகார்ப் பிரிவுக்கு ஒரு தலைவர் பதவி வந்தது. இவனா, அவளா என்ற கேள்வியும் வந்தது. யார் வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால் மேனேஜர் அப்படிப் பார்க்கவில்லை. அவர் அப்போதுதான் ஏதோ ஓட்டலில் நடந்த தலைமைப் பயிற்சிக்குப் போய், ஒரு பேனாவோடும் ஒரு தத்துவத்தோடும் திரும்பியிருந்தார்.

"ஒருத்தன் தலைவனாங்கிறது வேலையில தெரியாது. விளையாட்டுலதான் தெரியும். வெள்ளிக்கிழமை மீட்டிங் ரூம் கம்ப்யூட்டர்ல கார் ரேஸ். அவங்கவங்க கண்ட்ரோலரை அவங்கவங்க கொண்டு வாங்க. ஜெயிக்கிறவருக்குப் பதவி!"

"சார், போன மாசம் தீர்த்த புகார்களை எண்ணிப் பாத்தா..." என்று ஜூனியர் ஆரம்பித்தாள்.

"இதோ, இதுதான் பயம். தலைவனுக்குப் பயம் இருக்கக் கூடாது," என்றார் மேனேஜர்.

மீனுக்கு நீச்சல் போட்டி வைத்தால் அது எப்படிச் சிரிக்கும்? அப்படிச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த சாம்பியன், பரணில் கிடந்த அந்தப் பழைய கண்ட்ரோலரை இறக்கினான். புதிதாக ஒன்று வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ராசியான கண்ட்ரோலர். கை பழகியது.

மறுநாள் கடைக்குப் போனான். ஒரு முனையில் கண்ட்ரோலரைச் சொருகி மறு முனையைக் கணினியில் சொருகுகிற, கட்டைவிரல் அளவுப் பெட்டி ஒன்றைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். "இதான் அடாப்டர். குடுங்க சார் கண்ட்ரோலரை, வேலை செய்யுதான்னு இங்கயே பாத்துடலாம்."

சாம்பியன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அடுத்தவன் கை பட்டா ராசி போயிடும்."

"நான் கண்ட்ரோலரைத்தான் சார் கேட்டேன், உங்க கிட்னியை இல்ல."

வீட்டில் அடாப்டரைச் சொருகியதும் கணினித் திரையில் இருந்த அம்புக்குறி விறுவிறுவென்று இடது மூலைக்கு ஓடி, அடி வாங்கிய பூனைபோல் அங்கேயே பதுங்கிக்கொண்டது. அந்தக் கணினியில்தான் மனைவி ஒரு கட்டட நிறுவனத்துக்கு வீட்டு வரைபடங்கள் போட்டுக்கொடுத்துச் சம்பாதிக்கிறாள்.

"என்னங்க, மவுஸை வலது பக்கம் இழுத்தா அம்பு இடது பக்கம் ஓடுது!"

"புதுசு இல்லியா, பழகணும்."

"அதுவா, நானா?"

பழக்குவதற்காக, எங்கோ ஒரு வலைத்தளத்திலிருந்து அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் என்று ஒன்றை இறக்கிக் கணினிக்குள் போட்டான். அது போனதும் அம்புக்குறி மூலையை விட்டு வந்தது. வந்தது நிற்கவில்லை. தானே ஓடியது, தானே அமுக்கியது. மனைவி அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள், அவள் போட்டு வைத்திருந்த வரைபடத்தில் ஒரே படுக்கையறைக்குள் வரிசையாகக் கதவுகளை நட்டு, அதைச் சேமித்து, நிறுவனத்துக்கு அனுப்பியும் விட்டது.

என்ஜினீயர் போன் செய்தார். "ஏம்மா, இந்த வீட்டுல கதவு மட்டுந்தான் இருக்கு. குடியிருக்கப் போறவங்க உள்ள வர்றாங்களா, வெளிய போயிட்டே இருக்காங்களா?"

மனைவி போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்த பார்வையில் அடாப்டரே உருகியிருக்கும். அவன் உருகவில்லை. "இந்த அடாப்டர் மட்டம்," என்று சொல்லி இன்னொன்று வாங்கி வந்தான். அது முதல் அடாப்டர் இல்லாமல் பொருந்தாது. இரண்டையும் சேர்க்க மூன்றாவதாக ஒன்று. ரயில் பெட்டிகளைப்போல மூன்றையும் கோத்துச் சொருகியதும் கணினி ஒரு கேவல் கேவி அணைந்தது. அதன்பிறகு, அந்த ரயிலைப் பிடுங்கினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. அடாப்டரை விடுங்க. கண்ட்ரோலரே கெட்டிருந்தா?"

சாம்பியன் கண்ட்ரோலரைச் சட்டென்று மடியில் தூக்கி வைத்துக்கொண்டான்.

"எத்தனை ரேஸ் ஜெயிச்ச கண்ட்ரோலர் தெரியுமா இது? யாரைப் பாத்து என்ன வார்த்தை சொல்ற?"

மனைவி வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு, விசைகளில் எழுத்துகள் தேய்ந்த வாடகைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போய்ச் சுவர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுப்பினாள்.

சாம்பியன் அக்காவுக்குப் போன் செய்தான். அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். வீடு அளவு பெட்டியை, மேலே உட்கார்ந்து இரண்டு பிடிகளை அசைத்தே, ஒரு விரல்கடை பிசகாமல் கப்பலில் இறக்கி வைப்பாள். சின்ன வயதில் தம்பியிடம் அத்தனை தடவை தோற்றவளுக்கு யார் இந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று அவனுக்கு இன்றுவரை ஆச்சரியம்.

"அக்கா, நம்ம கண்ட்ரோலர் ஞாபகம் இருக்கா? ஆபீஸ்ல போட்டிக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போறேன்."

அக்கா குரலைத் தணித்தாள். "தம்பி, புதுசா ஒண்ணு வாங்கிக்கடா. நான் வேணா வாங்கித் தரேன்."

"பாத்தியா, இன்னும் உனக்கு வயித்தெரிச்சல் போகல!"

"அதில்லடா..." என்று அவள் இழுப்பதற்குள் வைத்துவிட்டான். கணினிதான் படுத்துவிட்டதே, அதனால் வயரை எதிலும் சொருகாமலே, கண்ணை மூடிக்கொண்டு பயிற்சி செய்தான். எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்தான்.

வெள்ளிக்கிழமை மீட்டிங் அறை நிரம்பி வழிந்தது. சுவரில் பெரிதாய் ரேஸ் திரை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர் ஒரு சாதாரண கண்ட்ரோலரை ஜூனியருக்கு இரவல் கொடுத்திருந்தார். சாம்பியன் தன் ரயிலைச் சொருகினான். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு முனகல் முனகியதே தவிர அணையவில்லை. "நீல வண்டி எனக்கு!"

கொடி விழுந்தது. ஜூனியரின் வண்டி நேராகப் போனது. நீல வண்டி புறப்பட்ட இடத்திலேயே இடது பக்கம் திரும்பி, சுவரில் முட்டி, பின்வாங்கி, மறுபடி அதே சுவரில் முட்டியது. சாம்பியன் உடம்பையே வலது பக்கம் சாய்த்தான். நாற்காலி சாய்ந்தது. வண்டி சாயவில்லை.

"சார், சுவரை இடிச்சுட்டு அந்தப் பக்கமா வரப் போறாரு போல," என்றது பின்வரிசை.

ஜூனியர் சுற்றை முடித்துக் கண்ட்ரோலரைக் கீழே வைத்தாள். மூன்று வருஷமாக எந்த மெயிலிலும் வராத அவள் உண்மையான பெயர் திரையில் பெரிதாக வந்தது. அந்தப் பெயரை அவள் ஒரு நொடிதான் பார்த்திருப்பாள்.

"செல்லாது!" சாம்பியன் துள்ளி எழுந்தான். "மதியம் இது மேசை மேல இருந்துச்சு. ஜூனியர் ஏதோ பண்ணிட்டா. அவளைப் போட்டியிலேருந்தே தூக்கணும் சார்!"

"நான் அதைத் தொடவே இல்ல சார்."

சிஸ்டம்காரர் ஜூனியரின் கண்ட்ரோலரை வாங்கி நீல வண்டிக்குச் சொருகிப் பார்த்தார். வண்டி சமர்த்தாக ஓடியது. "வண்டி நல்லாத்தான் இருக்கு. இந்தக் கண்ட்ரோலர்லதான் உயிர் இல்ல."

"அதான் சொல்றேன், காலையில உயிர் இருந்துச்சு, இவதான் கொன்னுட்டா!"

மேனேஜர் தாடையைச் சொறிந்தார். சீனியர் ஒருவர் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள்போல. "ஏம்மா, நீ தொடலைங்கிறதுக்கு என்ன சாட்சி?"

ஜூனியரின் முகம் கறுத்தது. "தொட்டதுக்கு என்ன சாட்சின்னு அவர்கிட்ட கேட்டீங்களா சார்?"

"சாட்சிதானே? என்கிட்ட இருக்கு!" சாம்பியன் போனை எடுத்தான். "இது எப்பேர்ப்பட்ட கண்ட்ரோலர்னு, இதால தோத்தவ வாயாலயே கேளுங்க." மணி அடித்தது. "அக்கா! ஸ்பீக்கர்ல இருக்கே. மேனேஜர் சார், ஆபீஸே கேக்குது. இந்தக் கண்ட்ரோலரை வெச்சு உன்னை நான் எத்தனை தடவை ஜெயிச்சிருக்கேன், சொல்லு."

மறுமுனையில் கிரேனின் இரைச்சல் நின்றது.

"தம்பி, ஸ்பீக்கரை அணைடா."

"முடியாது. எல்லாரும் கேக்கட்டும். உள்ளதை உள்ளபடி சொல்லு!"

அக்கா பெருமூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது.

"அதை வாங்கின அன்னிக்கே நீ பக்கெட் தண்ணியில போட்டு சாகடிச்சிட்டடா, நீ அழக்கூடாதுன்னு செத்ததை உன் கையில குடுத்து, சிவப்பு வண்டியைக் கேம் பெட்டியையே ஓட்ட விட்டு, 'தம்பிதான் ஜெயிச்சான்னு சொல்லுடி'ன்னு அம்மா என் தொடையைக் கிள்ளக் கிள்ள, நீல வண்டியை ஓட்டுனது எப்பவும் நான்தான்டா!"