நடுவில் ஒரு நாற்காலி

"சார், உங்க நாற்காலி அவ பக்கமா திரும்பியிருக்கு" என்றார் கணவர்.

ஆலோசகர் பதறிப்போய் நாற்காலியைத் திருப்பினார்.

"இப்ப அவர் பக்கம் திரும்பிடுச்சு" என்றாள் மனைவி. "வந்ததுலேருந்து பார்க்கிறேன், நீங்க அவர் ஆளு."

விவாகரத்துக் கேட்டு வரும் தம்பதிகளிடம் பேசிப் பார்ப்பது அவர் உத்தியோகம். பாவம், பாரபட்சம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். ஆனாலும் வருகிற ஜோடியெல்லாம் அவர் அடுத்தவர் கட்சி என்று ஆளாளுக்கு மேலதிகாரி மேடத்திடம் புகார் சொல்லிவிட்டுத்தான் போனது. இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

நாற்காலியே வேண்டாம் என்று எழுந்து நின்றுகொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஆளுக்கு அஞ்சு நிமிஷம். யாரும் குறுக்கே பேசக் கூடாது."

மனைவி இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அழற நேரத்தையும் கணக்குல சேர்ப்பீங்களா?" என்று விசும்பலுக்கு நடுவே கேட்டாள்.

"சேர்க்கலம்மா, சேர்க்கல."

"அப்படியா? அப்ப நானும் அழறேன்" என்றார் கணவர்.

ஆலோசகருக்கு வியர்த்துக் கொட்டியது. பிரிட்ஜைத் திறந்து, இரண்டு தம்ளரில் தண்ணீர் ஊற்றி, குனிந்து மட்டம் பார்த்து இருவர் முன்னாலும் வைத்தார். இதில் யார் என்ன குறை கண்டுபிடித்துவிட முடியும்?

கணவர் எகிறினார். "அவளுக்கு ஜில் தண்ணி ஒத்துக்காது, தொண்டை கட்டிக்கும்! இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?" ஆலோசகரின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அவர்கிட்ட ஏன் கத்தறீங்க?" என்று மனைவி சீறினாள். "அவருக்கு பிரஷர் இருக்கு." கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எழுந்திரிங்க, இந்த ஆளைப் பத்தி மேடம்கிட்ட சொல்லிட்டுத்தான் மறுவேலை."

இருவரும் விடுவிடுவென்று வெளியேறினார்கள். கணவர் மேஜையில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியை அவள்தான் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

நியாயமாக இருக்க ஒரு மனிதன் இதற்குமேல் என்னதான் செய்வது? ஆலோசகர் சாப்பாட்டுப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டார். தம்ளர் எடுக்க வந்த பணியாளரம்மா வாசலிலேயே நின்றாள்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"வேலை போயிடுச்சும்மா. இவங்களும் புகார் சொல்லப் போயிட்டாங்க."

"அட, உக்காருங்க சார்! ரொம்ப முத்திப்போன கேஸெல்லாம் உங்ககிட்டதான் அனுப்பணும்னு மேடம் உத்தரவு. உங்க மேல புகார் சொல்ல ஒண்ணா சேர்ந்து வர்றவங்க யாருமே அப்புறம் விவாகரத்துக் கேக்கறதில்லையாம்!"