நாலு கஜேந்திரனும் ஒரு காம்பிராவும்

கலைத்துறைக்கு அரும்பணி ஆற்றியவங்களப் பத்திச் சொல்லும்போது, மொதல்ல பொறந்த ஊரச் சொல்லணுமாம். சொல்லிர்றேன். கஜேந்திரன் பொறந்தது றொசல்ல ஸ்டேசனுக்கு மேல இருக்கிற எங்க தேயிலைத் தோட்டத்துல, ஒத்த அறை வீடுங்க வரிசையா ஒட்டியிருக்கிற எங்க லயத்துல, என் காம்பிராவுக்கு அடுத்த காம்பிராவுல. காம்பிரான்னா அந்த ஒத்த அறைதான். கதை எழுதுறது, நடிக்கிறது, டைரக்ட் பண்றது, தயாரிக்கிறது நாலும் அவன் ஒருத்தன்தான். இதுல மலைக்க ஒன்னுமில்ல. இப்ப ஹட்டன் பக்கம் கறுப்புத் தொப்பி வாங்கினவன் எல்லாம் டைரக்டர். எங்க டிவிசன்ல மட்டும் பதினோரு டைரக்டர் இருக்காங்க, கொழுந்தெடுக்கத்தான் ஆளக் காணோம்.

ஆனா கஜேந்திரன் நெசமாவே ஒரு படத்த எடுத்து முடிச்சிட்டான். அதுலருந்து மத்த பத்து டைரக்டரும் அவன்கூடப் பேசுறதில்ல.

படத்தோட கதை, ஒரே காம்பிராவுல ஒம்பது பேரு சீவிக்கிறது. செட்டுப் போடல, எங்க காம்பிராவுலயே எடுத்தான். நடிகருங்களத் தேடல, நாங்களே ஒம்பது பேரு இருந்தோம். செல்லசாமியாகிய நான், என் சம்சாரம் மீனம்மா, மூணு பிள்ளைங்க, மாமனார் பொன்னையா, மாமியார் வேலாயி, மச்சான் சின்னராசா, அவன் சம்சாரம். எங்களக் கணக்கெடுக்க வர்ற அதிகாரியா கஜேந்திரன் நடிச்சான். படம் முழுக்க வாசல்லயே நிப்பான். உள்ள வர எடமில்ல.

கஜேந்திரன் சம்சாரம் வினோதா, இவன் சம்பாத்தியமில்லாமப் படம் படம்னு அலைஞ்சத ஒன்னரை வருசம் பொறுத்துப் பாத்தா. கடைசியா ஒரு நாள், சோத்தப் போட்டு வச்சிட்டு நிதானமாச் சொன்னா: "வர்ற மாசம் மூணாம் ஞாயித்துக்கெழம ஹட்டன் மண்டபத்துல படத்தப் போட்டுக் காட்டுங்க. அப்புறம் நான் ஒன்னும் கேக்க மாட்டேன். முடியலைன்னா எங்கண்ணன் கூப்பிடுற கொழும்புக் கடைக்குப் போங்க." சொன்னதோட நிக்கல, அவன் பையையும் கட்டி கதவுக்குப் பின்னால வச்சிட்டா.

மண்டபத்துக்காரங்க அனுமதிக் கடிதம் கேட்டாங்க. அதக் குடுக்கிறது நுவரெலியாவுல இருக்கிற திரைக்கலை ஒருங்கிணைப்பு ஆபீஸ். தொணைக்கு நானும் போனேன். அங்க இருந்தவரு பத்திநாதன் சேர், தங்கமான மனுசன். எங்களப் பாத்ததும் நாலு நாற்காலி போடச் சொன்னாரு.

"எழுத்தாளர், நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர். நாலு பேரும் வரணும்னு போட்டிருக்கே. மத்தவங்க எங்க?"

"நாலும் நான்தான் சேர்," என்றான் கஜேந்திரன்.

"அப்ப மூணு பேரு சமுகமளிக்கலைன்னு எழுதிக்கவா?"

ஒருத்தரே நாலு வேலையும் பாத்தா எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு அவரு சட்டத்துல சொல்லல. அதனால தயாரிப்பாளர் கஜேந்திரன், இயக்குநர் கஜேந்திரன் மேல தனக்கு ஆட்சேபனை ஏதும் இல்லைன்னு ஒரு கடிதம் தரணும்னாரு. இயக்குநர் நடிகருக்கும், நடிகர் எழுத்தாளருக்கும், எழுத்தாளர் தயாரிப்பாளருக்கும் அப்படியே தரணும். கஜேந்திரன் அங்கயே உக்காந்து எழுதிக் குடுத்தான். சேர் கையெழுத்துங்கள வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, நாலு பேரும் ஒரே பள்ளிக்கூடமான்னு கேட்டாரு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒக்கார்ற வாங்குப் பலகையும் ஒன்னுதான்னு இவன் சொன்னான். ஒத்துமையா இருக்கீங்கன்னு சேர் பாராட்டினாரு.

ஆனாலும் ஆளுங்க நெசமாவே இருக்காங்களான்னு உறுதிப்படுத்தணுமில்ல? நாலு பேருக்கும் தனித்தனியா பதிவுத் தபால் போட்டாரு. வேற எங்கயாவது இருந்தா, நாலு பேருக்கும் எப்படிய்யா ஒரே வீடுன்னு தபால்காரன் கேட்டிருப்பான். எங்க தோட்டத்துல முந்நூறு குடும்பத்துக்கும் ஒரே விலாசம்தான். தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல பேரு சொல்லிக் குடுப்பாங்க. அன்னைக்குக் கிளாக்கர் கஜேந்திரன் பேர நாலு தடவ கூப்பிட்டாரு, இவன் நாலு தடவ போயி வாங்கிட்டு வந்தான். 'மேற்படி நால்வரும் ஒரே காம்பிராவில் வசித்து வருவதை நான் நன்கறிவேன்' அப்படின்னு தபாலோட வந்த தாளுல நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு கேப்பீங்க. படம் வெளிய வந்தா நானும் நடிகன்தானே? போட்டேன்.

இப்படியாக நாலு கஜேந்திரனும் அரசாங்கப் பதிவுல ஏறியாச்சு. அடுத்து சேர் படத்தப் பாத்தாரு. கண்ணக்கூடத் தொடச்சுக்கிட்டாரு. அப்புறம் பேனாவ எடுத்தாரு.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மிகைப்படுத்தல் கூட. ஒரு காம்பிராவுல ஒம்பது பேருன்னா யாரு நம்புவாங்க?"

"அந்த ஒம்பது பேரு நாங்கதான் சேர்," என்றேன் நான்.

"ஆதாரம் இருக்கா? நாலு பேருன்னு காட்டுங்க. ஒரு காம்பிராவுல நாலு பேரு இருக்கலாம்ங்கிறதுக்கு ஃபைல்லயே ஆதாரம் இருக்கு."

எடுத்துக் காட்டினாரு. நான் கையெழுத்துப் போட்ட தாள்.

எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. சேர் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவருன்னு கேள்விப்பட்டிருந்தேன். அவங்க காம்பிராவுல எத்தன பேரு இருந்தாங்கன்னு கேட்டே புட்டேன்.

"பதினோரு பேரு. ஆனா அத நாங்க யாருக்கும் எழுதிக் குடுக்கல," அப்படின்னு ஃபைல மூடினாரு.

அஞ்சு பேர வெட்டுறதா வேண்டாமான்னு நாலு பேரும் கூடி முடிவெடுக்கணும்னாரு. கஜேந்திரன் வெளிய போயி, மழையில தனியா நின்னு கூட்டம் போட்டான். வெட்டக்கூடாதுன்னு எழுத்தாளர் ஒத்தக்கால்ல நின்னாரு. இயக்குநருக்கு மண்டபத் தேதி நெருங்கிருச்சு. தயாரிப்பாளருக்குக் கதவுக்குப் பின்னால இருக்கிற பை ஞாபகத்துக்கு வந்திருச்சு. நடிகர் வாசல்ல நிக்கிறவருதானே, உள்ள எத்தன பேரு இருந்தா அவருக்கென்ன? மூன்றுக்கு ஒன்று என்ற வாக்குகளால் தீர்மானம் நிறைவேறியது. எழுத்தாளரின் கடும் எதிர்ப்பும் பதிவு செய்யப்பட்டது. உள்ள வந்து கையெழுத்துப் போடும்போது அவன் மொகத்தப் பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு.

யார வெட்டுறதுங்கிறதுல பெரிய பிரச்சினை வரல. குடும்பம்னா அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளை. நானும் மீனம்மாவும் மூத்தது ரெண்டும் தப்பிச்சோம். கடைக்குட்டி லோஜினி போச்சு, மச்சான் பொஞ்சாதியோட போனான், மாமியா போச்சு. மாமனார் பொன்னையாவ வெட்டினப்ப இருமல் மட்டும் போகல, என் வசனத்தோட கலந்து கெடந்துச்சு. அது பக்கத்து லயத்துச் சத்தம்னு வச்சுக்கலாம்னு சேர் எழுதிக் குடுத்தாரு.

மூணாம் ஞாயித்துக்கெழம காலையில பத்து மணிக்கு ஹட்டன் மண்டபம் நெறஞ்சு போச்சு. தொப்பி போட்ட பத்துப் பேரும் மொத வரிசையில இருந்தாங்க. படம் ஓடுது. எங்க காம்பிராதான், ஆனா கைய வீசி நடக்கலாம் போல இருக்கு. மீனம்மா கால நீட்டிப் படுக்கிறா, சனம் கைதட்டுது. இம்புட்டு வசதியா இருந்துக்கிட்டு தோட்டத்து ஆளுங்க தனி வீடு வேணும்னு ஏன் கேக்குறாங்கன்னு பின்னால ஒருத்தன் கேட்டான். அவன் வேற எங்கயோ உள்ளவன் இல்ல, எங்க லயத்துக்காரன்.

படம் முடிஞ்சதும் சேர் மேடையேறி, முரண்பாடின்றிப் பணியாற்றியமைக்காக நாலு சான்றிதழ் குடுத்தாரு. கஜேந்திரன் நாலு தடவ மேடை ஏறி எறங்கினான். வினோதா கண்ணத் தொடச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயி பையப் பிரிச்சிட்டா. அவனும் இப்ப கொழும்புக்குப் போகல, அடுத்த கதை எழுதுறானாம். மொதல்லயே நாலு பேர வச்சு எழுதுறானாம்.

நாங்க ஒம்பது பேரும் பஸ்ஸுக்கு நின்னோம். மாமனாரு துண்ட வாயில பொத்தி, இரும வந்தத அடக்கிக்கிட்டு மெதுவாச் சொன்னாரு.

"நம்ம காம்பிரா நல்ல விசாலம்தான் மாப்ள. நாங்கதான் எடைஞ்சலா இருந்திருக்கோம் போல."

அப்படியெல்லாம் இல்ல மாமான்னு நான் சொல்லியிருக்கணும். நான் பஸ் வருதான்னு பாத்துக்கிட்டு நின்னேன்.