நைனாவின் தலைப் படமும் அம்புரோஸ் மாமாவும்

ராயபுரம்
14-9-1972

பம்பாய் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்க்கும் அம்புரோஸ் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் ஹென்றி வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் போடச் சொன்னாள் அம்மா. போட்டுவிட்டேன். சுகமில்லை.

மூன்று மாதம் முன்பு துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த நைனா அப்படியே சரிந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார், நடக்கிறார், சாப்பிடுகிறார், பேச்சுதான் போய்விட்டது. அதுவும் முழுசாகப் போகவில்லை. மங்கள வார்த்தை ஜெபம் ஒரு சொல் பிசகாமல் வருகிறது, அதை விட்டால் "கஸ்மாலம்" வருகிறது. தண்ணீர் வேண்டுமா என்றால் கஸ்மாலம். பங்குச் சாமியார் வந்து தலையில் கை வைத்தார், அவருக்கும் கஸ்மாலம். பக்கத்து வீட்டு லியாகத் அலி பாய் மட்டும், "சொல்லுப்பா, வாயில எதுனா வருதே, அது போதும்" என்று உட்கார்ந்து கேட்கிறார்.

பெரியாஸ்பத்திரியில் கழுத்தில் மருந்து ஏற்றி மண்டையைப் படம் எடுத்தார்கள். ரத்தக் குழாயெல்லாம் மரம் கிளை விட்ட மாதிரி தெரிந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இடது காதுக்கு மேலே ஒரு கிளை பாதியில் நின்றுபோனதைக் காட்டினார்.

"வார்த்தையைத் தேடிப் புடிச்சு கோக்கிற இடம் இதும்மா. இங்க ரத்தம் போகல. வாய்ப்பாடமா ஊறினது, கோபத்துல வர்றது, அதெல்லாம் வேற வழியா வருது."

அம்மா படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முப்பது வருசமா கூப்ட்ட என் பேரு இதுல எங்க சார் கீது?"

வெளியே வந்ததும், "உன்னைக் கூப்புடறதுதாம்மா அந்தக் கஸ்மாலம்" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி ஆலிசுக்கு எண்ணூரில் இடம் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா கோயில் உபதேசியார். இருபத்துநாலாம் தேதி ஞாயிறு பூசை முடிந்து வருகிறார்கள். பெண்ணைக் கொடுக்கிறேன் என்று தகப்பன் நாலு பேர் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். நைனா வாயிலிருந்து என்ன வரும் என்று நினைத்து ஆலிஸ் மூன்று நாளாகச் சோறு தொடவில்லை. நான் சொல்கிறேன் என்றால், "ஒம்பதாவதோட நின்னு, ஒரு வேலையில நாலு நாள் குந்தாதவன் நீ, உன் பேச்சை எவன் எடுப்பான்" என்கிறாள் அம்மா. ஆகவே தாய்மாமன் நீங்கள் வந்து சொல்ல வேண்டும். அஞ்சு வருசம் முன்ன ஈஸ்டர் விருந்துல நைனா திட்டினார்னு இந்தப் பக்கமே வரல நீங்க. இப்ப சாமியாரையே திட்டறார் மாமா, நீங்க எம்மாத்திரம்? ஒரே இடத்துல உக்காந்து எழுதற ஆளில்ல நான், இதையே மூணு இடத்துல நின்னு எழுதிக்கினு கீறேன். மெயில் வண்டியைப் புடிச்சு கெளம்பி வாங்க.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் பயணத்துக்கு அந்தோணியார் காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஹென்றி

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டும்போது அம்மா நைனாவிடம், "அன்னிக்கி அம்புரோசு வந்து உங்களுக்காகப் பேசுவான்" என்றாள். நைனா எழுந்து நின்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, "அம்புரோசு வேணாம். நானே சொல்றேன்" என்றார். ஆலிஸ் ஓடிப்போய்ச் சோறு போட்டுக்கொண்டாள். அம்மா அழுதாள், முதலில் சந்தோஷத்தில், அப்புறம் தன் பேர் வராமல் உங்கள் பேர் வந்துவிட்டதே என்று. இப்ப அம்மா உங்க பேரைச் சொல்லிச் சொல்லி அவரை உசுப்பிக்கினு கீது. பொண்ணைக் குடுக்கிறேன்னு சொல்ற வரைக்கும் வுடாது. அதனால அந்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் தினம் ஒரு தந்தி குடுங்க மாமா, புறப்பட்டு வர்றேன்னு.