‘ஆனா’ அக்காவுக்கு மூன்று வேலை

மசால் தோசையா சாதா தோசையா என்று யோசித்தே ஒரு வேளை பட்டினி கிடந்த ஜீவன் இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது எங்கள் ‘ஆனா’ அக்கா. நானே சாட்சி. அவள் முடிவெடுப்பதற்குள் ஓட்டலில் மாவு தீர்ந்துவிட்டது.

திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் ஒரு மகளிர் விடுதி. அங்கே அவள் என் அறைத்தோழி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். எதைச் சொன்னாலும், “நல்லாத்தான் இருக்கு, ஆனா...” என்று இழுப்பாள். அதுவே பெயராகிவிட்டது. சுடிதார் எடுக்க நாங்கள் உள்ளே நுழைந்தாலே கடைக்காரர் டீ சொல்லுவார். எங்களுக்கல்ல, தனக்கு.

டிகிரி முடித்ததும் வந்த முதல் வேலையையும் இப்படி யோசித்தே கோட்டை விட்டாள். சம்மதம் சொல்லப் போனால், அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துகொண்டு, “யாரைப் பாக்கணுங்க?” என்று கேட்டாளாம். அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் சாப்பிடக்கூட எழவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே வாரத்தில் மூன்று வேலை வந்தது. உள்ளூர்த் தனியார் வங்கியில் கவுன்டர், சென்னையில் கால் சென்டர், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் மேனேஜர். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வழக்கம்போல ஊரையே கேட்டாள். ஷேர் ஆட்டோக்காரர் வங்கி என்றார். மெஸ்காரம்மா சென்னை என்றார். கிராமத்திலிருந்து அப்பா போனில், “பேங்க்குதாம்மா கவுரவம், ஆனா...” என்று இழுத்தார். இது பரம்பரை வியாதி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

போனை வைத்ததும் கொண்டையை இறுக்கி முடிந்தாள்.

“போதும்டி. இனிமே யாரையும் கேக்க மாட்டேன். மூணு வேலையையும் இங்கியே செஞ்சி பாத்துடறேன்.”

“ஹாஸ்டல்லயாக்கா?”

“ஆமா. எது ஒத்து வருதோ அதுக்குப் போறேன்.”

வெள்ளிக்கிழமை வங்கி. வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள். குளிக்கப் போகிறவர்கள் டோக்கன் வாங்க வேண்டும். அவசரமாக ஓடிவந்த ஒருத்தியிடம், “ஐ.டி. புரூப் இருக்கா?” என்றாள். அவள் சொன்ன பதிலைப் பத்திரிகையில் எழுத முடியாது. மதியத்துக்குள் கவுன்டரே குறட்டை விட்டது.

சனிக்கிழமை கால் சென்டர். அடுத்த கட்டிலில் இருந்த எனக்கே போன் செய்து, “உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?” என்றாள்.

“புழுக்கமா இருக்கு, ஃபேனை ஜாஸ்தி பண்ணுக்கா.”

“உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. நன்றி.”

ஃபேன் அப்படியேதான் சுற்றியது. சாயங்காலம் தொண்டை கட்டிப்போய், “மூஞ்சி பாக்காம பேச என்னால ஆவலடி” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர். நடிக்கத் தேவையே இல்லாமல் போனது. காலையில் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. வார்டன் ஊரில் இல்லை. பாதிப் பேருக்கு அன்று போட்டித் தேர்வு. முகத்தில் சோப்போடு மாடிப்படியில் சண்டை.

அக்கா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

“எக்ஸாம் இருக்கறவங்க முன்னாடி வாங்க. மத்தவங்க பக்கெட்டை வச்சிட்டு ஒதுங்குங்க!” அதே மூச்சில் போனில், “அண்ணா, தண்ணி லாரி இப்பவே வரணும். தெரு சின்னதா? ரிவர்ஸ்ல வாங்க, நான் நின்னு பாத்துக்கறேன்.”

சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்ற எலக்ட்ரீஷியனைக் கோபுர வாசலிலேயே மடக்கி, நெற்றி விபூதி காய்வதற்குள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். எல்லோரும் நேரத்துக்குத் தேர்வுக்குக் கிளம்பினார்கள். அன்று அவள் வாயிலிருந்து ஒரு ‘ஆனா’கூட வரவில்லை.

கூட்டம் கலைந்ததும், நனைந்த உடையோடு படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். குரலில் அந்த இழுப்பு இல்லை.

“அப்பா, செங்கம் ரோடு வேலைக்குப் போறேன். சம்பளம் கம்மிதான், தெரியும்பா. கேக்கறதுக்குப் போன் பண்ணல, சொல்றதுக்குப் பண்ணேன்.”

மற்ற இரண்டு இடத்துக்கும் ‘முடியாது’ என்று உடனே மெயில் அனுப்பிவிட்டாள். மனம் மாறிவிடும் என்ற பயமா என்று கேட்டேன். “இல்லடி, பசிக்குது. முடிச்சிட்டு சாப்பிடலாம்னுதான்” என்றாள்.

இன்று அந்த கெஸ்ட் ஹவுஸ் அவள் குரலுக்குத்தான் விழிக்கிறது. கார்த்திகை தீபத்தன்று ஊரே அறை கிடைக்காமல் அலையும். நான் முன்கூட்டிச் சொல்வதுமில்லை, அவள் கேட்பதுமில்லை. எப்போது போனாலும், அவளுடைய சின்ன அறையில் ஃபேனுக்கு நேர் கீழே எனக்கொரு பாய் விரித்திருக்கும்.