தளபதியின் குற்ற உணர்ச்சி

ஒரு வேடத்துக்காகப் பிரபாகர் பட்ட பாட்டை இந்தத் தீவில் வேறெந்த நடிகரும் பட்டதில்லை, இனிப் படப்போவதுமில்லை.

சிராங்கூன் சாலையில் மாடியறை ஒன்றில் இயங்கும் நாடக மன்றத்துக்கு அவர் துணைத் தலைவர். மன்றம் அந்த ஆண்டு ஒரு பழைய சோக நாடகத்தை எடுத்தது. தளபதி ஒருவன் தன்னை நம்பிய அரசனைக் கொன்று அரியணை ஏறுகிறான். பிறகு மனச்சாட்சி அரித்தே சாகிறான். 'பேராசையின் தீமைகளை மாணவர்க்கு உணர்த்துதல்' என்று மானிய விண்ணப்பத்தில் நோக்கம் எழுதினார்கள். அரசன் வேடம் முத்துசாமிக்கு. பதினொரு ஆண்டாக மன்றத் தலைவராக இருப்பவருக்கு வேறு எதைக் கொடுப்பது? தளபதி பிரபாகர்.

கொலைக் காட்சியில் பிரபாகரைக் குறை சொல்ல ஆளில்லை. முத்துசாமியை அவர் குத்திய குத்தில் அப்படியொரு ஈடுபாடு. அழுகைதான் வரவில்லை. கொன்றுவிட்டு வந்தவன் சாப்பிட்டுவிட்டு வந்தவனைப் போல நிற்கிறான் என்று இயக்குநர் கண்மணி தலையில் அடித்துக்கொண்டார். பிரபாகர் சளைக்கவில்லை. 'மனச்சாட்சி மேம்பாட்டுப் பட்டறை' ஒன்றில் ஜூம் வழியாகச் சேர்ந்தார். இரண்டு மணி நேரம், நடுவில் தேநீர் இடைவேளை, முடிவில் சான்றிதழ். குற்ற உணர்ச்சி மட்டும் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அதற்கான சரக்கு அவர் பைக்குள்ளேயே இருந்தது. மன்றத் தேர்தலில் தலைவர் பதவிக்கு வேட்புமனு கொடுக்கக் கடைசி நேரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி. முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாத முத்துசாமி, தம் மனுவில் கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமையே பிரபாகரிடம் கொடுத்துவிட்டார். பிரபாகர் தம்முடைய மனுவை அன்றே சேர்த்தார். முத்துசாமி அண்ணனுடையதைப் பத்திரமாக வைத்திருந்தார். அடுத்தவர் காரியத்தில் அவசரப்படுவது அவர் சுபாவமில்லை.

சனிக்கிழமை பகல் சைனாடவுன் அரங்கில் முதல் காட்சி. செத்துக் கிடந்த அரசனின் பக்கத்தில் மண்டியிட்ட தளபதிக்கு வசனம் மறந்துவிட்டது. பிணம் கண்ணைத் திறக்காமல் முணுமுணுத்தது.

"'என்னை நம்பினீரே'ன்னு ஆரம்பி. பதறாத தம்பி, நான் இருக்கேன்ல."

இப்படிப்பட்ட மனுஷனுக்கா துரோகம் செய்கிறோம் என்று பிரபாகர் நினைத்தார். நடிப்பு துளியும் கலக்காமல் அழுதார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

திரை விழுந்ததும் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மணி மூன்றரைதான். மன்றம் இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு எம்ஆர்டி ரயிலில் மூன்றே நிறுத்தம். வாசலில் கண்மணி மறித்தார்.

"சார், அந்த ஃபேஸ்தான் சார் வேணும். நாளைக்கு ஈவினிங் ஷோ வரைக்கும் அப்படியே வச்சுக்குங்க லா. மொத்த ப்ளேயும் அதுலதான் நிக்குது."

ரயில் மேடையில் பிரபாகர் நெடுநேரம் நின்றார். ஒரு பக்கம் லிட்டில் இந்தியா. மறுபக்கம் ஊட்ரம் பார்க் வழியாகப் பூன் லே வீடு. மனுவைக் கொடுத்துவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும். லேசான நெஞ்சை வைத்துக்கொண்டு நாளை எப்படி அழுவது? தம் சொந்த நிம்மதிக்காக மன்றத்தின் பெயரைக் கெடுப்பதா? அவர் பூன் லேக்குப் போனார். ஐந்து மணிக்கு டீ குடித்தபோது பாரம் குறைந்துவிட்டதோ என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குறையவில்லை.

மறுநாள் முன்னிலும் நன்றாக அழுதார். அதற்கடுத்த வாரம் போட்டியின்றித் தலைவரானார். மனு போய்ச் சேரவில்லை என்று தெரிந்தபோது, நாடக வேலையில் தம்பிக்கு நேரம் ஏது என்று முத்துசாமியே சமாதானம் சொன்னார்.

கலைக்காகச் சொத்தை விட்டவர்கள் உண்டு, சுகத்தை விட்டவர்கள் உண்டு. பிரபாகர் அவர்களையெல்லாம் மிஞ்சிவிட்டார். கலைக்காக அவர் தியாகம் செய்தது முத்துசாமியின் நாற்காலியை.