சர்க்கரை போட்ட மீன்

"மீனுக்கு எவளாவது சர்க்கரை போடுவாளா?"

முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து நின்று இப்படிக் கேட்டதும், மேடை பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது ரெய்னா ஸ்லோனிமுக்கு. முன்னோட்டக் காட்சி முடிந்து, "உங்க கருத்தைத் தாராளமாச் சொல்லுங்க" என்று அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் இது.

"எலுமிச்சம்பழம் எங்க? எண்ணெய் எங்க? பெத்தவ பிள்ளைக்கு ஆக்குற மீனா இது?"

அவர் கண்கள் சிவந்து கலங்கியிருந்தன. பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அவர் மனைவி, தலையைத் தூக்காமலே கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. நடிகை லோட்டியைப் பார்த்து, "இந்தம்மா மட்டும் நல்லா நடிக்குது. கண்ணு படக்கூடாது, து, து, து!" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

யூத வாழ்க்கையைச் சொல்லும் மூன்று நாடகங்கள், குளிர்காலம் முழுக்க, பாலக்ளாவா புறநகரில் எங்கள் சின்ன அரங்கத்தில். அரங்கக் கமிட்டியோடு மல்லுக்கட்டி ரெய்னா வாங்கிய அனுமதி அது. முதல் நாடகம் அவள் எழுதியது. அவள் அம்மா ஃப்ரூமாவைப் பற்றியது.

ஃப்ரூமா போலந்துக்காரி, புருஷனை இழந்தவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மஞ்சள் ஸ்வெட்டரோடு நாற்காலியில் சாய்ந்து ரேடியோவில் ஃபுட்டி பந்தாட்ட வர்ணனை கேட்பாள். அவளுடைய அணியான செயின்ட் கில்டா தோற்றால் ரேடியோவைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்வாள். மேஜையில் சர்க்கரை போட்ட மீன் உருண்டை இருக்கும். ஏதோ ஒரு சண்டையில் ரெய்னா வீட்டை விட்டு நாட்டின் மறுகோடியிலிருந்த பெர்த்துக்குப் போனவள், பிறகு அந்த மேஜைக்குத் திரும்பவே இல்லை. சாவுச் சேதி கேட்டு விமானம் ஏறி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. எங்கள் வழக்கத்தில் உடலைக் காக்க வைப்பதில்லை. கேட்கவேண்டிய மன்னிப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல்தான் நாடகமாக எழுதினாள்.

"யாரு அவரு?" என்று திரைக்குப் பின்னால் லோட்டி கேட்டாள்.

கமிட்டித் தலைவர் ஸிக்மண்ட் குரலைத் தாழ்த்தினார். பல் டாக்டர் அவர். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், அன்றைக்கு எல்லாரையும் வாயை மூடச் சொன்னார்.

"பேச்சுல வெளியூர் வாடை அடிக்குது. கிரேக்க நாட்டு சலோனிக்கா பக்கத்து யூதரா இருப்பாரு. அவங்க சமையலே வேற. யுத்தத்தப்ப யூதர்களைக் கொன்னு குவிச்சதுல அங்கே உசிரோட தப்பிச்சவங்க கொஞ்சம் பேருதான். நம்ம வழக்கப்படி தொப்பியக்கூட கழட்டல பாத்தீங்களா?"

"நம்ம பாட்டிங்க மாதிரி து து துன்னாரே. நம்மாளேதான்" என்றாள் ரெய்னா.

"போய்ப் பேரு, ஊரு கேட்டுட்டு வரட்டுமா?" என்றாள் லோட்டி.

"உனக்குப் புத்தி இருக்கா? அப்படிப்பட்ட மனுஷன்கிட்ட போய் எங்க இருந்தீங்க, எப்படி வந்தீங்கன்னு கேக்குறதா? பழசையெல்லாம் கிளறி அவரு மயங்கிக் கீழ விழுந்துட்டா? அவரு சொன்னதைச் செய்யுங்க, போதும்."

"எங்க வீட்ல சர்க்கரைதான்…" என்று ரெய்னா இழுத்தாள்.

"நீ அந்த வீட்ல இருந்தது எந்தக் காலத்துல?" என்றார் ஸிக்மண்ட். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது.

மறுநாள் முன்னோட்டத்தில் மேடைக்கு முழு மீன் வந்தது. மேலே எலுமிச்சைத் துண்டுகள், எண்ணெய்ப் பளபளப்பு.

பெரியவர் திருப்தியாகத் தலையாட்டினார். அவருக்குப் பின்னால் மூன்று வரிசைகள் கொதித்து எழுந்தன.

"எலுமிச்சையா? யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"எங்கம்மா இதைப் பாத்திருந்தா தட்டைத் தூக்கி வீசியிருப்பா!"

"உங்கம்மா மீனுக்கு மிளகு போட்டவதானே, நீ பேசாதே!"

சர்க்கரைக்காரர்களும் மிளகுக்காரர்களும் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள். ரெய்னா கைகூப்பாத குறையாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவர் மறுபடி எழுந்தார். கூட்டம் சட்டென்று அடங்கியது. அவரைப் பற்றி ஸிக்மண்ட் ரகசியமாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"மீன் சரி. ஆனா புருஷன் செத்தவ மஞ்சள் உடுத்துவாளா? கறுப்பு. சாகிற வரைக்கும் கறுப்பு. அப்புறம், மத்தவங்க சாப்பிடும்போது தாய் உக்காருவாளா? அவ நிப்பா!"

கறுப்புடை வந்தது. நாற்காலி போனது.

"மூட்டு வலிக்குதுடி" என்றாள் லோட்டி. "ஒண்ணரை மணி நேரம் நின்னுக்கிட்டே பேசறேன். பாக்குறவங்க என்னைக் கன்னியாஸ்திரின்னு நினைக்கிறாங்க. இடைவேளையில ஒருத்தி வந்து, 'இது எந்த மடத்துக் கதை?'ன்னு கேட்டுட்டுப் போறா."

அதற்கடுத்த முன்னோட்டத்தில் பெரியவர் எழுந்திருக்கவில்லை. போகும் வழியில் ரெய்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் வந்திருச்சும்மா. அழுகைதான் வரல. பிள்ளை வரலைன்னா தாய் அழமாட்டாளா? நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவா. அந்த ரேடியோவை எடுத்திரு. அந்த வீட்ல எப்படிம்மா ரேடியோ பாடும்?"

அன்று ரெய்னா நாடகப் பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். லோட்டி மூட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டே கேட்டாள்:

"ரெய்னா, உண்மையைச் சொல்லு. உங்கம்மா அழுதாங்களா?"

"என் முன்னாடி அழுததே இல்ல."

"அப்புறம் என்ன?"

"நான் இல்லாதப்ப அழுதிருக்கலாம் இல்லையா? அவருக்குத் தெரியுது, லோட்டி. அவங்கள மாதிரி ஒரு தாய்கூட இருந்து பாத்திருக்காரு. நான் எங்க இருந்து பாத்தேன்?"

ரெய்னா ஃபுட்டிக் காட்சி முழுவதையும் அடித்தாள். செயின்ட் கில்டா போனது, கெட்ட வார்த்தைகள் போயின. அந்த இடத்தில் "அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள்" என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்கும் அழுகை வந்தது. வந்துவிட்டதால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் முறையான முதல் காட்சி. அரங்கம் நிரம்பியிருந்தது. பத்திரிகை விமர்சகர் ஒருவரும் வந்திருந்தார்.

கறுப்புடையில் லோட்டி எலுமிச்சை மீனோடு நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கடைசிக் காட்சியில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வலது கை வீச்சில் தட்டு சரிந்து, மீன் எண்ணெயோடு வழுக்கி மேடை விளிம்பைத் தாண்டி விமர்சகரின் மடியில் போய் விழுந்தது. யாரோ கெக்கலித்தார்கள். ஒரு வரிசை சிரித்தது. பிறகு அரங்கமே சிரித்தது. நல்ல நடிகை லோட்டி, நிறுத்தாமல் அழுதாள். அவள் அழ அழச் சிரிப்பு கூடியது. விமர்சகர் மீனை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியேறினார். அவர் பின்னால் பாதிப் பேர் போனார்கள்.

ரெய்னா கடைசி வரிசையில் நின்றிருந்தாள். மேடையில் அழுகிற பெண்ணை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. அம்மாவை இரண்டாம் முறையும் கைவிட்டுவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

ஸிக்மண்ட் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"கமிட்டி பேசிட்டாங்க. மத்த ரெண்டு நாடகமும் வேண்டாமாம்."

"நீங்கதானே சொன்னீங்க, அவரு சொன்னபடி செய்யச் சொல்லி?"

"நான் பல் டாக்டரும்மா. என்கிட்ட நாடகத்தைக் கேட்டா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அரங்கம் காலியானது. முன்வரிசையில் மட்டும் பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். ரெய்னா அருகில் போனதும் அவள் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

ரெய்னா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாம் போனது. ஆனாலும் நம்மவர்களில், நிஜமாகப் பட்டு அனுபவித்த ஒருவருக்காவது அவருடைய வீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டோமே. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் மூச்சுவிட முடிந்தது. இத்தனை நாள் கேட்கத் துணியாததை அவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க தொழுகைக்கு எந்த சினகாகுக்குப் போறீங்கம்மா?"

அந்தம்மா முதல்முறையாகப் பின்னலைக் கீழே வைத்தாள்.

"சினகாகா? நாங்க கிரேக்கரும்மா, சர்ச்சுக்குப் போறவங்க. அன்னிக்கு மழைக்குத்தான் இங்க ஒதுங்கினோம், ஊர்ல அவங்கம்மா சாவுக்குப் போக முடியாத மனுஷன் உங்க நாடகத்தைப் பாத்துட்டு, 'எங்கம்மாவேதான்டி, சின்னச் சின்னத் தப்புதான் இருக்கு, சொன்னா அந்தப் பொண்ணு திருத்திடும்'னு தினமும் என்னை இழுத்துட்டு வந்துட்டாரு."